வெடிப்புக்குள் இருந்த மஞ்சள்

எங்கள் மசாலா மில்லின் கூரை பறந்த கதையை நான் எடுத்தாலே என் பிள்ளைகள், "அம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். கோலாலம்பூரில் இருந்துகொண்டு போனில் கேட்டவர்களுக்கு அது ஒரு கெட்ட காலம், அவ்வளவுதான். எனக்கு அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. கூரையில்லாத கடையை நினைத்து ஏங்குகிற பைத்தியம் கெடா மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மில் பீடோங் ஊரின் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. மாமனார் கட்டிய செங்கல் கட்டடம். ரோட்டைப் பார்த்து முன்சுவர், சாக்கடைப் பக்கம் பின்சுவர், பின்சுவரை ஒட்டி மெஷின், மேலே சிங்க் தகரம். கல்யாணமாகி வந்த மறுமாதமே நான் அங்கே தராசுப் பக்கம் நின்றுவிட்டேன். தீபாவளி நெருங்கினால் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் பெண்டாங்கிலிருந்துகூட மலாய்க்காரப் பெண்கள் கழுவிக் காயவைத்த அரிசியோடு வந்து நிற்பார்கள். ஒருத்தியின் மிளகாய்த்தூளில் இன்னொருத்தியின் தூள் ஒரு சிட்டிகை கலந்துவிட்டால் போதும், வாய்ச்சண்டை கோயில் வரைக்கும் போகும். சண்டையை நான் பார்த்துக்கொள்வேன். அரைப்பது அவர், என் வீட்டுக்காரர்.

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழற்றித் துடைத்துப் பொட்டு வைப்பதும் அவர் வேலைதான். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, மெஷினுக்கும் தராசுக்கும் இரண்டு சுவர்களுக்கும் உள்ளங்கை அகலத்துக்குப் பூசி, நடுவில் குங்குமம் வைப்பார். அடுத்த பூஜை வரைக்கும் அது அப்படியே இருக்கும். அதன்மேல் யார் கையும் படக்கூடாது.

அந்த வருடம் பூஜை முடிந்து, தீபாவளிக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வானம் திடீரென்று கறுத்தது. காற்று வந்த வேகத்தில் சாப்பாட்டுக் கடையின் நாற்காலிகள் ரோட்டில் ஓடின. எங்கள் கூரை ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது. இரண்டாம் முறை எழும்பியது உட்காரவில்லை. உத்தரத்தோடு பெயர்ந்து, அடுத்திருந்த டயர் கடைக்காரரின் முற்றத்தில் போய் விழுந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை, அதுவே பெரிய காரியம்.

மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். முன்சுவர் உச்சியிலிருந்து அடிவரைக்கும் வெடித்து, ரோட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. நான் ஊரார் மூட்டைகளில் நனைந்தது எது நனையாதது எது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவர் முன்னாலேயே நின்றார். வெடிப்பு பொட்டின் நடுவே போயிருந்தது. மஞ்சள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வீட்டுக்குப் போனவர், குழைத்த மஞ்சளும் குங்குமமுமாகத் திரும்பி வந்து, பிளந்த பொட்டின் மேலேயே புதிதாக ஒன்று வைத்தார்.

"ஏங்க, கூரையே போயிருச்சு. இப்ப பொட்டு ஒன்னுதான் கொறச்சலா?" என்றேன்.

"ரெண்டா பொளந்து கெடக்குது. அத அப்படியே வுட்டுட்டு வீட்டுக்குப் போகச் சொல்றியா?"

அவர் வைக்காவிட்டால் நானே வைத்திருப்பேன். நம்ம ஆளுங்க எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கடைக்குக் காப்புறுதி இருந்தது. புயலில் சேதமானால் கொடுப்போம் என்று பத்திரத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. அதனால் எனக்குப் பெரிய கவலையில்லை. சேதத்தைப் பார்த்து எழுத நிறுவனத்தின் சார்பில் ஒரு தம்பி அலோர் ஸ்டாரிலிருந்து வந்தார். மரியாதையான பிள்ளை. ஆண்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டு, கொடுத்த தேநீரையும் குடித்து, மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கூரைக்குத் தருகிறார்களாம். சுவருக்குக் கிடையாதாம். மெஷின் ஓடி ஓடி அதிர்ந்து பல வருடமாக விட்ட வெடிப்பு அது, அதற்குள்ளே மில் தூள் படிந்திருப்பதே சாட்சி, பழைய தேய்மானத்துக்குக் காப்புறுதி பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படம். வெடிப்பின் உள்ளே மஞ்சள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சுவரில்லாமல் கூரையை எதன்மேல் வைப்பது, வானத்தின் மேலா? போனை எடுத்து அந்தத் தம்பியை ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆண்ட்டி, நான் பார்த்ததத்தான் எழுதுனேன். ஒத்துக்க முடியலன்னா நீங்க ஒரு எக்ஸ்பர்ட் வச்சுப் பாருங்க" என்றார்.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையாலேயே கெடுத்துட்டேன்" என்றார். அன்றைக்கு இரவு சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலையில், டயர் கடைக்காரர் இடத்தைக் கேட்கிறார், கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடலாம் என்றார். டயர் கடைக்காரர் கெட்டவரில்லை, நல்ல விலைதான் சொன்னார். ஆனால் கோலாலம்பூரில் அந்த உயரமான அடுக்குமாடியில் காலையிலிருந்து மாலை வரைக்கும் லிப்டு ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியுமா? இந்த மில் போனால் நான் யார்? அதை அவரிடம் கேட்கவும் செய்தேன்.

"சரி, வருஷப் பொறப்பு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒன்னும் நடக்கலன்னா கொடுத்துருங்க, நான் குறுக்க நிக்கல" என்றேன். சித்திரைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

காப்புறுதி விவகாரம் முடியாமல் சுவரைத் தொடக்கூடாது. முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, மெஷினைக் கன்வாஸ் போட்டு மூடினோம். இரும்பைக் கழற்றிக்கொண்டு போகிற ஆட்கள் பீடோங்கில் உண்டு என்பதால் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தோம். வேலையே கிடையாது. பாசாரிலிருந்து தே ஓ, பால் ஊற்றாத தேநீர், வரும். மழை வந்தால் நாற்காலியை இழுத்துக் கன்வாஸுக்குள் போவோம்.

அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் வாயில்லாத மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மெஷின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. நான் கத்திக் கத்தியே பழகியவள். அவருக்கு மெல்லிய குரல். அவர் பேசாமல் இல்லை, எனக்குத்தான் கேட்கவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாடிக்கைக்காரியைப் போலவும் நடந்து காட்டுவார். மூட்டையை இறக்கும்போதே விலை பேசுகிறவள், தூளை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறவள் என்று அவர் செய்து காட்ட நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஒருநாள், "நீ மொதமொத தராசுல நின்னப்ப மொளகாத் தூளுக்குத் தும்மிக்கிட்டே கணக்குச் சொன்ன. அன்னைக்கே நான் சொன்னேன், நீ உள்ளாற வா, நான் பாத்துக்கிறேன்னு. நீ கேக்கவே இல்ல" என்றார்.

"எப்பங்க சொன்னீங்க?"

"மெஷின் ஓடுறப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்ற மனுஷனை அந்த மழைக்காலத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தீபாவளிக்கும் இருந்ததில்லை. ஆனால் பேச்சு முடிகிற இடம் எப்போதும் ஒன்றுதான். கண் சுவர்ப் பக்கம் போகும். "அந்த மஞ்சள மட்டும் வெக்காம இருந்திருந்தா" என்பார், எழுந்து போய்விடுவார்.

அந்தத் தம்பி சொன்ன எக்ஸ்பர்ட்டை எங்கே தேடுவது என்று தெரியாமல் கோயில் கமிட்டியில் கேட்டேன். முன்பு கோயில் மண்டபம் தீப்பிடித்தபோது சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார், எந்தக் காப்புறுதி நிறுவனத்திலும் வேலை செய்யாதவர் என்று சொல்லி நம்பர் கொடுத்தார்கள். போன் செய்தேன். வந்து இறங்கியது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். காரின் பின்பக்கத்திலிருந்து அவரே ஏணியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

வேலை தொடங்கும் முன் தன் கட்டணத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஜெயிச்சா அதுல ஒரு பங்கு தர்றோம்மா" என்றார்.

"வேணாண்ணே. அப்படி வாங்குனா நான் எக்ஸ்பர்ட் இல்ல, உங்க பங்காளி. ஜெயிச்சாலும் தோத்தாலும் சொன்ன காசுதான். நான் எழுதப்போறதும் ஒன்னுதான்."

எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஜெயித்தாலும் தோற்றாலும் என்றால் என்ன அர்த்தம்?

எஞ்சினியரம்மா ஏணியில் ஏறி முன்சுவரின் உச்சியில்தான் முதலில் உட்கார்ந்தார். உத்தரத்தைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் செங்கலைப் பிய்த்துக்கொண்டு போன பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வெடிப்பு வழியாகவே டார்ச் அடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வெடிப்பு மேலே விரல் நுழையும் அகலம், கீழே வர வர மயிரிழை. அடிமண் இறங்கி வெடித்திருந்தால் இப்படி இருக்காது, மேலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது என்றார். செங்கல் உடைந்த இடம் புதுச் சிவப்பாக இருந்தது. தூளோ தூசியோ ஒட்டடையோ இல்லை.

பிறகு பின்சுவருக்குப் போனார். மெஷினுக்குப் பின்னால் அங்கேயும் ஒரு வெடிப்பு இருந்தது. அதை நாங்கள் கண்டுகொண்டதே கிடையாது. சின்னக் கம்பியால் அதன் உள்ளே சுரண்டினார். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அடுக்கடுக்காக இறுகிப்போய்க் கட்டியாக வந்தது. எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

"மில்லுல பழைய வெடிப்புன்னா இப்படித்தான் இருக்கும்கா. மாவு எங்க வேணாலும் பூந்துரும். முன்னாடி சொவத்துல அது இல்ல." சொல்லிக்கொண்டே திரும்பி முன்சுவருக்கு வந்தவர், பொட்டருகில் நின்றார். "இந்த ஒரு எடத்துல மட்டும் இருக்கு. இது எப்ப வெச்சது?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "காத்தடிச்ச அன்னைக்கு சாயந்தரம்மா. நான்தான் வெச்சேன். பொட்டு ரெண்டா பொளந்து கெடந்துச்சு, பாக்க முடியல. அதனாலதான் எல்லாம் போச்சு."

எஞ்சினியரம்மா பொட்டுக்கு நேரே குனிந்தார். "அண்ணே, பழசத் தொடைச்சிட்டு வெச்சீங்களா, மேலேயே வெச்சீங்களா?"

"பூசையில வெச்ச பொட்ட யாரும்மா தொடைப்பாங்க? மேலேயேதான்."

எஞ்சினியரம்மா பையிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தார். "சாமி விஷயம், தொடலாமா?" என்று கேட்டு, வீட்டுக்காரர் தலையசைத்த பிறகு, காய்ந்த மேல்மஞ்சளை ஓரத்திலிருந்து செதில் செதிலாகத் தூக்கினார். அடியில் ஆயுத பூஜைப் பொட்டு அப்படியே இருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் அதன் விளிம்பு வெட்டினாற்போல நின்றது. ஒரு துளிகூட உள்ளே வழிந்திருக்கவில்லை. மேலே பூசியது மட்டும்தான் ஈரத்தோடு வெடிப்புக்குள் இறங்கியிருந்தது.

"வெடிப்பு முன்னாடியே இருந்திருந்தா, பூசை அன்னைக்கு வெச்ச மஞ்சளும் உள்ள போயிருக்கும்ணே. போகல. அப்ப பொட்டு மொதல்ல, வெடிப்பு அப்புறம். நீங்க கெடுக்கல. மேல மூடுனதால மழைத் தண்ணி படாம பழசு அப்படியே இருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அருகில் போகவில்லை. சில நேரம் ஆளை விட்டுவிட வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால் நான் அந்தம்மாவுக்குத் தங்க வளையலே போட்டிருப்பேன். ஆனால் கிளம்பும்போது, பின்சுவர் வெடிப்பு பழசு, மெஷின் அதிர்ச்சியால் வந்தது, அதையும் எழுதுவேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"நாங்க கூட்டிட்டு வந்த ஆளு நீங்க. எங்களுக்கே எதிரா எழுதுவீங்களா?"

"அக்கா, இருக்கறத எழுதுவேன்."

"பின்செவர யாரும் கேக்கவே இல்லையே. நீங்க ஏன் எடுத்துக் கொடுக்கணும்? அந்தத் தம்பி படம் எடுத்தாரே ஒழிய அதப் பத்தி ஒரு வார்த்த எழுதல."

"அவரு எழுதல. ஆனா படம் அவருகிட்ட இருக்கு. அத நான் மறைச்சேன்னு தெரிஞ்சா, முன்சொவத்தப் பத்தி நான் எழுதுனத யாரு நம்புவா?"

நான் இன்னும் நாலு வார்த்தை பேசினேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். அந்தம்மா முகம் சிவந்துபோய் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்தான் துண்டை எடுத்துவிட்டு, "வுடுலா. பழசுதானே அது. எழுதட்டும்" என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வார்த்தையும் எனக்குக் கேட்டிருக்காது, எஞ்சினியரம்மாவோடு சண்டை முற்றி அறிக்கையே வராமல் போயிருக்கும்.

எஞ்சினியரம்மாவின் அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பினோம். தைப்பூசம் கழிந்து அலோர் ஸ்டார் தம்பி மறுபடி வந்தார். இந்தத் தடவை எஞ்சினியரம்மாவும் கூட நின்றார். இரண்டு பேரும் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்து நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர்களோ டாக்டர்கள் மாதிரி தணிந்த குரலில் பேசிக்கொண்டு சுவரை மாறி மாறிப் பார்த்தார்கள். தம்பி ஏணியில் ஏறினார். ஆணிப் பள்ளங்களைப் பார்த்தார். இறங்கி வந்து பொட்டைப் பார்த்தார். பிறகு தானாகவே பின்சுவருக்குப் போய், கம்பியால் சுரண்டி, தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்சுவருக்கு வந்து நின்றார்.

"அங்கிள், அன்னைக்கு நான் மஞ்சளப் பார்த்துட்டு பழசுன்னு நெனச்சிட்டேன்" என்றார். என்னிடம் திரும்பி, "ஆண்ட்டி, காசு கொடுத்துக் கூட்டிட்டு வர்ற எக்ஸ்பர்ட் ரிப்போர்ட் எல்லாத்தையும் நாங்க நம்பிர மாட்டோம். இவங்க பின்சொவத்த அவங்களே பழசுன்னு எழுதியிருந்தாங்க. அதப் படிச்சிட்டுத்தான் நான் திரும்ப வந்தேன்" என்றார்.

எஞ்சினியரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். நான் வீட்டுக்குப் போய் அவருக்கு மட்டும் பால் ஊற்றி ஒரு தேநீர் கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

வருடப் பிறப்புக்கு முன்னாலேயே நல்ல பதில் வந்துவிட்டது. முன்சுவருக்கும் கூரைக்கும் காப்புறுதி கொடுத்தது. பின்சுவரை எங்கள் கைக்காசில் கட்டினோம். டயர் கடைக்காரர், "சரிலாக்கா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கட்டட வேலை முடியும்வரை செங்கல் அடுக்கத் தன் முற்றத்தைக் கொடுத்தார். பழைய முன்சுவரை இடிக்கும்போது நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பார்த்தாராம்.

புதுக் கூரையின்கீழ் மில் திறந்த காலையில் வாசலில் கூட்டம். முதல் மூட்டை சுங்கை லாலாங்கிலிருந்து வந்தது, கல்யாண வீட்டு மிளகாய். நான் எடை போட்டுக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் என்ற பெருமை எனக்குத் தலைக்கு மேலே. கோலாலம்பூருக்குப் போகவேண்டாம், கடையை விற்கவேண்டாம், என் தராசு எனக்கு. அவர் சுவிட்சைப் போட்டார். மெஷின் ஒருமுறை உறுமிவிட்டு வேகம் எடுத்தது. கூட்டமெல்லாம் கைதட்டியது, அதன் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையில்லை, கொஞ்சம் நீளமாகவே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். நான் காதுக்குக் கை வைத்து, "என்னங்க?" என்று கத்தினேன். மறுபடியும் சொன்னார். கேட்கவில்லை. வரிசையில் நின்றவள் மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மில்லுக்காக அத்தனை பேரோடும் சண்டை போட்டவள் நான். அந்த நேரம், சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் கையைக் காட்டி, பரவாயில்லை, நீ வேலையைப் பார் என்று சைகை செய்தார். ராத்திரி வீட்டில் கேட்டேன். என்ன சொன்னோம் என்று அவருக்கே நினைவில்லை என்றார்.